சேலம் சீமையின் கூரைகளும் கட்டினவன் பொறுப்பும்

சேர்வராயன் மலையும் கல்வராயனும் கொல்லிமலையும் போதமலையும் சூழ நிற்க, நடுவே காவிரியை நோக்கிச் சரிந்து செல்லும் சேலம், நாமக்கல் சமவெளியில் வீடு கட்டி வாழ்ந்த ஜனங்கள், வானத்தைப் பற்றி எக்காலத்திலும் இருவகைக் கவலை உடையவர்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கலிட்டு மழை வேண்டுமென்று கேட்கிற அதே குடும்பம், ஐப்பசி மாதத்தில் அடுக்களை மூலையிலும் பூஜை அறையிலும் பாத்திரங்களை வைத்து ஒழுகுகிற நீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்வது சேலத்தில் ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். நாமக்கல்லில் அதற்கும் குறைவு. ஆனால் அந்த மழை சித்திரை வைகாசியில் சூறைக்காற்றோடும் ஆலங்கட்டியோடும், ஆவணி புரட்டாசியில் அந்தி நேரத்து இடியோடும், ஐப்பசி கார்த்திகையில் கடற்கரைப் புயலை ஒட்டிய அடைமழையாகவும் வருவதால், கூரையில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அந்த இடத்தைத் தவறாமல் கண்டுபிடித்துவிடுகிறது. நாமக்கல்லில் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியபடி 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயர், மேலே விமானமும் கூரையும் இல்லாமல் வெயிலையும் மழையையும் ஒருங்கே ஏற்று நிற்கிறார். மனிதருக்கு அது சாத்தியமில்லை.

கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு இந்தச் சீமை காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை சொல்லி வந்திருக்கிறது. அந்த விடைகளின் சரித்திரம் ஓலை, ஓடு, சுண்ணாம்பு, சிமெண்ட் என்னும் பொருள்களின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஏனெனில் கூரையைப் போட்டவன் யார், அவன் எங்கே குடியிருக்கிறான், மறு ஆண்டு மழைக்கு அவன் நம் கண்ணில் படுவானா என்பவை எல்லாம் அந்தப் பொருள்களைப் பொறுத்தே அமைந்தன.

இரண்டு தலைமுறைக்கு முன்வரை இந்தச் சமவெளியின் கிராமங்களில் கூரை வீடுகளே மிகுதி. மேட்டாங்காட்டு ஊர்களில் பனையோலை, மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊர்களில் கரும்புச் சோகையும் தென்னங்கீற்றும், மலையடிவாரங்களில் மலைப்புல் என்று அந்தந்த மண்ணில் விளைந்ததே அந்தந்த வீட்டின் தலைக்குமேல் ஏறியது. காட்டுக்குள் சாளை கட்டிக் குடியிருந்த குடியானவன் கைமரம் நிறுத்தி, மூங்கில் வரிச்சல் வைத்து, ஓலையை அடுக்கிப் பனைநாரால் இறுக்கிக் கட்டுகிற வேலையைப் பங்காளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு தானே செய்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து வேய வேண்டும் என்பது உழவும் அறுப்பும் போலக் காலக்கிரமத்தில் வருகிற ஒரு காரியம். ஆகவே ஒழுகினால் யாரையும் குற்றம் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு ஏற்படவில்லை. ஏணியை எடுத்து வைத்து ஏறினான்.

ஆனால் எல்லோருக்கும் அது அவ்வளவு இலேசாக முடிந்துவிடவில்லை. சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை முதலிய பகுதிகளில் குழித்தறி போட்டு நெய்த குடும்பங்களுக்குக் கூரை என்பது ஜீவனத்தின் மூடி. கஞ்சி ஏற்றிய பாவின்மேல் இரவில் நாலு சொட்டு விழுந்தால் கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழியில் நீர் ஊறிவிட்டால் அது வற்றும்வரை தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். வீடே தொழிற்கூடமாக இருந்த இடத்தில், ஒழுகல் என்பது வசதிக்குறைவு என்ற எல்லையைத் தாண்டிக் கடனுக்கும் பட்டினிக்கும் காரணமாயிற்று. கூரை ஒழுகியதால் வந்த நஷ்டத்தைச் சுவரின் கறையைக் கொண்டு மட்டும் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

வசதி கொஞ்சம் கூடியவர்கள் ஓட்டுக்கு மாறினார்கள். குயவர் சக்கரத்தில் குழலாக வனைந்து, ஈரத்திலேயே நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்ட நாட்டு ஓடுகளை ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் அடுக்கிய அந்த வீடுகளைக் கொங்கு நாட்டார் வில்லை வீடு என்பார்கள். பூனை நடந்தாலும் குரங்கு குதித்தாலும் ஓடு நகரும். ஆகவே மழைக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் ஓடு மாற்றுகிற ஆள் வந்து, உடைந்ததை நீக்கி, நகர்ந்ததைச் சேர்த்துவிட்டுப் போவான். பிறகு 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1860களின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைக்கு இருப்புப் பாதை போடப்பட்டிருந்தது; ஆகவே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சீமை ஓடு காலப்போக்கில் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின்மேலும் சத்திரங்களின்மேலும் நெல் மண்டிகளின்மேலும் ஏறியது. ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் செய்த தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒருவரிடமிருந்து கூரைப் பொருளை வாங்கும் வழக்கம் அப்போதுதான் இங்கே தலையெடுத்தது எனலாம்.

இவை எல்லாவற்றிலும் மிக உன்னதமான கூரை சுண்ணாம்புத் தளமே என்பது என் துணிபு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் மளிகை மண்டிகளுக்கும் நடுவே, இடிப்பதற்கென்று விலை பேசப்பட்ட பழைய மட்டப்பா வீடு ஒன்றின் மேல்தளத்தை ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். மேலே இரண்டு வரிசைத் தட்டோடு. அது எளிதாகவே பெயர்ந்துவிட்டது. அதன் கீழே நாலு விரற்கடைக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இறுகிய தளம். அதில் கடப்பாரையின் முனை பட்டபோது கல்லில் பட்டது போலக் கணீரென்று ஒலித்து, கைப்பிடி அளவுத் துண்டுகளே பெயர்ந்தன. அதற்கும் கீழே, ஓர் அங்குலக் கனமே உள்ள சிறிய செங்கற்கள் படுக்கையாக இல்லாமல் குத்துக்கல்லாக, சுவருக்கு மூலைவாட்டத்தில் வரிசை வரிசையாக நின்றன. அவற்றைத் தாங்கிக்கொண்டு ஒன்றரை முழத்துக்கும் குறைந்த இடைவெளிகளில் தேக்கு உத்திரங்கள் ஓடின. உத்திரங்களில் ஒன்றிரண்டு மட்டும் சுவருக்குள் புதைந்த நுனியில் ஈரம் கண்டு உளுத்திருந்தன. மற்றவை வாள் வைத்தால் மணம் வீசின.

அந்தத் தளத்தை அமைத்த முறையை முதிய கொத்தனார்கள் இன்னும் வர்ணிப்பார்கள். சுக்கான் கல்லைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, வட்டமான பள்ளத்தில் மாடு கட்டி இழுத்த கல்லுருளையால் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைப்பார்கள். குத்துக்கல் வரிசை இறுகியபின் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, நீர் வடிவதற்கு வாட்டம் கொடுத்து, பெண்கள் இரு வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பார்கள். கைசலிப்புத் தெரியாமலிருக்கப் பாடுவார்கள். அடித்த கட்டை பதியாமல் துள்ளி எழும்புகிற வரையில் அடி நிற்காது. மேஸ்திரியின் பரீட்சை அதுவே. வேறு கருவி எதுவும் அவரிடம் கிடையாது. இவ்வகைத் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்ற பெயர் பரவி, சுதந்திரத்துக்குப் பின் இந்தியத் தர நிர்ணய ஏடுகளிலும் அதே பெயரோடு இடம் பெற்றது. சுண்ணாம்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: மயிரிழை வெடிப்பு விழுந்தால், அதனூடே இறங்குகிற மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெடிப்பிலேயே படியவிட்டு, நாளடைவில் அதை அடைத்துவிடும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியதெல்லாம், மழைக்கு முன்னால் மேலே ஏறி, இடுக்கில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு பிடுங்கி, வெடித்த இடத்தில் சுண்ணாம்புக் காரை பூசுவதுதான்.

தாரமங்கலத்தில் கெட்டி முதலியார்கள் திருப்பணி செய்த கைலாசநாதர் கோயிலைப் பார்த்து வியக்கிறவர்கள் பெரும்பாலும் தூண்களையும் சிற்பங்களையும் பார்த்து வியக்கிறார்கள். கல் மண்டபங்களின் தலைக்குமேலும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டோடும் உண்டென்பதைப் பலர் அறிவதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள மூட்டு ஒழுகத்தானே செய்யும்! 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற சம்பிரதாயத்தில், மேல்தளத்தைப் பழுதுபார்த்துத் தட்டோடு பதிக்கிற திருப்பணியும் அடங்கியிருக்கிறது. கோயிலுக்கே பராமரிப்புக் காலம் குறித்துவைத்தவர்கள் நம் முன்னோர்.

ஓலைக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்புத் தளத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. அவற்றைப் போட்டவன் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தான். கிரகப்பிரவேசத்தன்று தச்சருக்கும் கொத்தனாருக்கும் வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து மரியாதை செய்தார்கள். அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒழுகினால், அதே கொத்தனாரைச் சந்தையிலோ கோயில் வாசலிலோ பார்த்து, ‘வந்து பாருப்பா’ என்றார்கள். எழுத்தும் முத்திரையும் இல்லாத அந்தப் பொறுப்பு அவனுடைய பெயரின்மேல் நின்றது. இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புத் தளம் செல்வர் வீட்டுக்கே உரியதாக இருந்தது. கூப்பிட்டபோது வராவிட்டால் ஊரில் வேலை கிடைக்காது என்ற பயத்தினால், தன் மேல் தவறு இல்லாதபோதும் கூலியின்றி வந்து உழைத்த ஏழைத் தொழிலாளிகள் அநேகர். பொறுப்பு இருந்தது உண்மை; நியாயம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இந்தப் பொறுப்பைச் சாஸனமாக எழுதிவைத்த தேசங்களும் உண்டு. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி கல்லில் பொறித்த சட்டத்தில், கட்டினவன் கட்டிய சுவர் சரியும் நிலைக்கு வந்தால் தன் சொந்தச் செலவிலேயே அதை உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்றும், வீடு இடிந்து உடையவன் இறந்தால் கட்டினவனுக்கு மரண தண்டனை என்றும் கண்டிருக்கிறது. நம் நாட்டில் கௌடிலியர், காற்றில் பறந்துபோகாதபடியும் வளைந்து முறியாதபடியும் கூரை இருக்க வேண்டும், தவறினால் தண்டம் என்று அர்த்தசாஸ்திரத்தில் விதிக்கிறார். ஒப்புக்கொண்ட காலத்திலும் முறையிலும் வேலையை முடிக்காத தொழிலாளிக்குக் கூலிக் குறைப்பும் அபராதமும் சொல்கிறார். கூரை பற்றிய கவலை ராஜநீதி நூலில் இடம் பெற்றது அற்ப விஷயம் அன்று.

சிமெண்ட் வந்ததும், கட்டினவன் ஊரிலேயே இருந்து பொறுப்பேற்ற பழைய ஏற்பாடு முழுவதும் குலைந்தது. 1904இல் சென்னையில் சிமெண்ட் உற்பத்திக்கு முயற்சி நடந்தது. 1960களில் சுண்ணாம்புக்கல் நிறைந்த சங்ககிரியிலேயே இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை எழுந்தது. ஆயினும் ஆலை அருகிலிருந்ததால் மூட்டை எளிதில் கிடைத்துவிடவில்லை. சிமெண்டுக்குக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், பர்மிட் வாங்கி, அளந்து கொடுத்த மூட்டைகளை வைத்து வீட்டை முடிக்க வேண்டியிருந்தது. முடியாதவர்கள் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். கலவையில் சிமெண்டைக் குறைத்தார்கள். 1982இல் பாதியும் 1989இல் முழுவதும் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் தார்சு வீடு என்னும் கான்கிரீட் வீடு சேலம் சீமையெங்கும் பெருகியது. கூரை வீட்டின் தீ அபாயமும் அதற்கு ஒரு காரணம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டபின், ஓலைக்கூரையை யார்தான் ஆதரித்துப் பேசுவார்? 2010இல் தமிழக அரசு 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. குடிசையில் பிறந்தவன் தார்சு வீட்டில் குடியேறுவது இந்தத் தலைமுறை கண்ட பெரும் முன்னேற்றங்களில் ஒன்று. அதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

ஆனால் கான்கிரீட் தளம், அது போடப்படுகிற ஒரே நாளில் தன் ஆயுளை நிர்ணயித்துக்கொள்கிறது. ஓலையை மாற்றலாம், ஓட்டைத் திருப்பலாம், சுண்ணாம்பை மேற்பூசலாம். சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டிக் கலவை ஊற்றியபின் உள்ளே நடந்த தவறு கண்ணுக்குத் தெரியாது. வேலை சுலபமாக ஓடவேண்டுமென்று கலவையில் நீரை அதிகமாக விட்டால், அந்த உபரி நீர் ஆவியாகிப் போன பாதைகள் எல்லாம் நுண்துளைகளாக நிற்கும். கம்பிகளுக்கு இடையே கலவையைக் குத்தி இறக்காவிட்டால், ஜல்லி மட்டும் சேர்ந்து தேன்கூடு போல வெற்றிடம் தங்கும். கலவை இயந்திரம் பழுதாகியோ ஆள் போதாமலோ வேலை பாதியில் நின்று மறுபடி தொடங்கினால், பழைய கலவைக்கும் புதியதற்கும் இடையே ஒட்டாத கோடு ஒன்று ஓடும். வாட்டம் போதாவிட்டால் மழைநீர் குளமாகத் தேங்கும்; கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில், பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அசைவினால் வெடிப்பு விழும். இவற்றில் ஏதோ ஒரு வழியாக இறங்கிய நீர் கம்பியைத் தொட்டதும் துரு ஏறுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பதால், கீழ்ப்பூச்சைப் பிளந்துகொண்டு உதிர்க்கிறது. தூங்குகிற குழந்தையின் அருகே காரைக்கட்டி விழுந்த பிறகே பல வீடுகளில் இது விளங்குகிறது.

இந்தச் சீமைக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. மழைக் காலத்தில் வேலை நடவாது. ஆகவே தளம் போடுகிற நாள் பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வந்து விழுகிறது. அப்போதுதான் வெயில் உச்சம். அப்போதுதான் கிணறும் ஆழ்துளைக் கிணறும் வற்றி, லாரித் தண்ணீர் விலைக்கு வருகிறது. கான்கிரீட்டை இறுகச் செய்வது உலர்ச்சி அன்று, ஈரம். 1953இல் முதலில் வெளிவந்து 2000இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி 456, குறைந்தது 7 நாளும், வறண்ட வெப்ப நிலையில் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்கிறது. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவது அதற்காகத்தான். குடிக்கவே நீர் விலைக்கு வாங்குகிற சித்திரையில், மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து வெடித்துக் கிடப்பதை நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் புது மனைப்பிரிவுகளில் யாரும் பார்க்கலாம். பிறகு வைகாசியிலோ ஆனியிலோ கிரகப்பிரவேசம். அன்றோ அதற்கு முன்போ கணக்குத் தீர்த்துப் பணம் கைமாறிவிடுகிறது. தளத்தின்மேல் முதல் பெருமழை விழுவது அதற்குப் பின்னர்தான்! பரீட்சைக்கு முன்பே முடிவு சொல்லிவிடுகிற இந்த வழக்கத்திலிருந்தே பாதி விவகாரங்கள் பிறக்கின்றன. பழைய கொத்தனாருக்கும் இப்படித்தான் பணம் தீர்த்தார்கள். ஆனால் அவர் ஊரில் இருந்தார். இன்றைய மேஸ்திரி அடுத்த வேலைக்குத் திருப்பூரோ பெங்களூரோ போய்விடுகிறார். வீட்டுக்காரர் லாரிக்காரரிடம் தார்ப்பாய் வாங்கி மொட்டைமாடியில் விரித்துக் கல் வைக்கிறார்.

யாரைக் கேட்பது என்ற பழைய கேள்விக்கு இனி சட்டம் விடை சொல்ல வேண்டியதாயிற்று. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினவன் அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தை ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்று நெடுங்காலமாகவே கூறி வந்தது. சேலமோ சட்டத்துக்குப் பேர்போன ஊர். வக்கீல் விஜயராகவாச்சாரியார் வாழ்ந்ததும், ராஜாஜி வக்கீலாக விளங்கி 1917இல் நகரசபைத் தலைவரானதும் இங்கேதான். ஆயினும் வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தத்தை நிரூபித்து, கோர்ட்டுக் கட்டணம் கட்டி, முன்சீப் கோர்ட்டிலிருந்து மேல்முறையீடு வரை ஆண்டுக்கணக்கில் நடக்கிற திராணி, ஒழுகும் வீட்டுக்குள் குடியிருக்கிற சாமானியனுக்கு இல்லை.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, வீடு கட்டித் தருவது ‘சேவை’ என்பதில் அடங்குமா என்று தர்க்கம் எழுந்தது. 1993இல் செய்த திருத்தம் வீட்டுக் கட்டுமானத்தைச் சட்டத்தின் வாசகத்திலேயே சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம். கே. குப்தா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தத்துக்கு முன்பும் அது சேவையே என்றும், அரசு அமைப்பும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சேலம், நாமக்கல் வீட்டுக்காரருக்கு இதைவிட நெருக்கமானது 2008 ஜூலையில் பகீர் சந்த் குலாட்டி வழக்கில் வந்த தீர்ப்பு. சொந்த நிலத்தில் வீடு கட்டும் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தவர், கட்டுமானக் குறைபாட்டுக்காக நுகர்வோர் மன்றத்தில் முறையிடலாம் என்பதில் சந்தேகமே இல்லை என்று அதில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுக்குமாடி வாங்கினவருக்கு மட்டுமே சட்டம் உண்டு என்று எண்ணிக்கொண்டு வாளா இருக்கிற நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பு எட்டியிருக்கிறது?

2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டப்படி, தான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் இயங்குகின்றன. கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 50 லட்சம் வரையிலும்கூட 1,000 ரூபாயைத் தாண்டாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். குறையைச் சரிசெய்யவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் வியாஜ்ய காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் வரவேண்டும். அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்வோம், மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று காத்திருந்து கெடுவைக் கடத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

இதற்கு இணையாக, 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 14ஆம் பிரிவில் ஓர் அரிய பாதுகாப்பைத் தந்திருக்கிறது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து அறிவித்தால், கட்டி விற்றவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், தவறினால் நஷ்ட ஈடு. ஆனால் இச்சட்டம் கட்டி விற்பவரையே பிடிக்கிறது. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்திலோ 8 குடியிருப்புக்கு உட்பட்டோ கட்டுகிற திட்டங்களுக்குப் பதிவும் கட்டாயமில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர், தாமே மனை வாங்கி, தெரிந்த மேஸ்திரியிடம் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டுகிறவர்கள். அவர்களுக்கு அந்த 5 ஆண்டு இல்லை. பிரான்சு தேசம் 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்திலேயே கட்டினவர்மீது 10 ஆண்டுப் பொறுப்பைச் சுமத்தியது. தனி வீட்டுக்காரருக்கும் அத்தகைய உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். அவர்தான் மிகவும் எளியவர், தம் ஜீவிய காலச் சேமிப்பு முழுவதையும் அந்த ஒரு தளத்தின் கீழே வைத்தவர்.

கூலிக்கு மட்டும் பேசிக் கட்டுகிற முறையில் சிக்கல் இன்னும் அதிகம். சிமெண்டும் கம்பியும் மணலும் வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார். ஒழுகும்போது மேஸ்திரி, நீங்கள் வாங்கிய எம்-சாண்ட் சரியில்லை என்கிறார். சிமெண்ட் கடைக்காரர் கலவை சரியில்லை என்கிறார். என்ஜினியர், நான் வரைபடம் மட்டும் போட்டுக் கொடுத்தேன் என்கிறார். சென்ட்ரிங் போட்டவர் பலகையைப் பிரிக்கச் சொன்னது மேஸ்திரி என்கிறார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் காட்டி நிற்க, வாளி நிறைந்துகொண்டிருக்கிறது. இத்தகைய வழக்கில் ஆணையம் வக்கீல் கமிஷனரையும் பொறியாளரையும் அனுப்பித் தளத்தைப் பார்வையிடச் செய்து, எதனால் ஒழுகுகிறதென்ற அறிக்கையைப் பெறலாம். அதற்கு முன்பே ஒழுகலின் புகைப்படமும், பொருள் வாங்கிய ரசீதும், பணம் கொடுத்த கணக்கும், தகுதி பெற்ற பொறியாளரின் அறிக்கையும், மேஸ்திரிக்கு அனுப்பிய அறிவிப்புக் கடிதத்தின் நகலும் கையில் இருந்தால் பாதி வழக்கு ஜெயித்தது போலத்தான். இவை இல்லாமல் முதலில் சீர்திருத்த வேலையைச் செய்துவிட்டுப் பிறகு வழக்குக்குப் போகிறவர், தம் சாட்சியத்தைத் தாமே பூசி மறைத்தவராகிறார்.

மிகவும் நெஞ்சை உறுத்துவது தொகுப்பு வீடுகளின் நிலை. பணம் கொடுக்காமல் பெற்ற சேவை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்பதால், அரசு கட்டிக் கொடுத்த வீட்டில் கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிய வாழ்கிற குடும்பத்துக்கு இந்த ஆணையங்களின் வாசல் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நிற்பதே அவர்களுக்கு எஞ்சிய வழி. மழை அவர்கள் வீட்டில் குறைத்துப் பெய்வதில்லை. 2024இல் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று ஒதுக்கிய அரசாங்கம், அதே வீடுகளுக்கு இத்தனை ஆண்டு ஒழுகாது என்ற பொறுப்பையும், ஒழுகினால் இன்ன அதிகாரி இத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துத் தருவது கஜானாவுக்குப் பாரமாகிவிடாது.

தனி வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, சட்டசபையின் தயவுக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்தபின்பே விடுவிக்கிறது. சர்க்கார் தனக்குச் செய்துகொள்ளும் அந்த ஜாக்கிரதையை ராசிபுரத்துக் குடியானவரும் அம்மாப்பேட்டை நெசவாளரும் செய்துகொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கிற அன்றே முத்திரைத்தாளில், கலவை விகிதமும், எத்தனை நாள் பாத்தி நிறுத்த வேண்டும் என்பதும், ஒழுகினால் எத்தனை ஆண்டுவரை யார் செலவில் சரிசெய்வது என்பதும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ ஐப்பசி மழை கழிந்தபின் தரப்படும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும். நல்ல வேலைக்காரர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். தளம் ஒழுகாமல் நின்றுவிட்டால் கார்த்திகை தீபத்துக்கு முன்பே அந்தப் பணத்தை, பழைய வழக்கப்படி வெற்றிலை பாக்கோடும் வேட்டியோடும், அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.